முப்பத்தொன்றாவது வரி

கிளாக்ஸ்விக் துறைமுக அலுவலகத்தில்
என் வேலைகள் கறுப்புத் திரையில் வரிவரியாக இருக்கின்றன.
மவுஸ் வேண்டாம், படம் வேண்டாம்.
எண் ஒன்று, வினை ஒன்று, அவ்வளவுதான்.
பெர்க்லெய்வுக்கு இது பிடிக்காது.
மஞ்சள் தாளில் எழுதிச் சன்னலில் ஒட்டுவார்.
கதவு திறக்கும்போதெல்லாம்
ஃபாரோ காற்று
அவருடைய இரண்டு வேலைகளை முடித்துவைக்கும்.

31. கிழக்கு மேடையில் மோதுதாங்கி மாற்று.

இதை மட்டும் படித்தால் ஒன்றும் விளங்காது.
எவ்வளவு தடிமன், யாரிடம் விலை, எந்தத் தூண்?
அதனால் வரியின் வாலில் கயிறுகள் கட்டினேன்:
அளவெடுத்த கோப்பு,
டென்மார்க்கில் ரப்பர் விற்கும் கடையின் லிங்க்,
ஹெய்னி அனுப்பிய மின்னஞ்சல்.

கட்டினேன் என்கிறேனே,
எதையும் இங்கே கொண்டுவரவில்லை.
கோப்பு தன் அறையிலேயே கிடக்கிறது,
கடிதம் தன் பெட்டியில்.
என் வரியிடம் இருப்பது வழி மட்டும்.
படகைக் கட்ட
யாராவது அதை அலுவலகத்துக்குள் இழுத்துவருகிறார்களா?
‘திற 31’ என்று தட்டினால்
கயிறு விறைக்கும்,
மறுமுனையில் இருப்பது அசையும்.

பிப்ரவரியில் கோப்புறைகளைச் சுத்தம் செய்தேன்.
‘பழையது’ என்றிருந்ததைப் ‘பழையவை’ ஆக்கினேன்.
ஒரே எழுத்து.
அளவுக் கோப்பு அன்றைக்கே அறுந்தது.
பிடுங்கிய கட்டுத்தறியின் குழியைச் சுற்றிக்
கயிறு மட்டும் வளையமாய்க் கிடந்தது.
ரப்பர் கடையை யாரோ பெரிய கடைக்காரர் வாங்கிவிட்டார்;
லிங்க் இப்போது
தோட்ட நாற்காலிகள் விற்கும் பக்கத்துக்குப் போகிறது.
ஒருநாள் அரைமணி நேரம் அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்த ஊர் மழையில் தோட்டத்தில் யார் உட்காருவது.

கடிதம் மட்டும் எப்போது தட்டினாலும் திறந்தது.
ஹெய்னி போய் இரண்டு வருடமாகிறது,
எஸ்பியரில் காற்றாலைகளுக்குத் திருகாணி முடுக்குகிறான்.
மோதுதாங்கி பற்றி அதில் ஒரே வரி:
“பதினெட்டு வேண்டும், பதினாறு போதாது.”
மற்றதெல்லாம்
மூன்றாவது தூணுக்கு வரும் கடல்நாயைப் பற்றி.
“வியாழக்கிழமை சம்மட்டி வேண்டாம், ரன்வா.
அது வியாழன்தான் வருகிறது.
மீன் ஆலையில் அன்றைக்குத் தொட்டி கழுவுவார்களோ என்னவோ.
இடது கண்ணுக்கு மேல் ஒரு தழும்பு.
உன்னைப்போலவே முறைக்கும்.”

நேற்று ஆட்கள் வந்தார்கள்.
நல்லவேளை, செவ்வாய்க்கிழமை.
பதினெட்டும் ஏறிவிட்டன.
மாலையில் பெர்க்லெய்வ் கேட்டார்: “முப்பத்தொன்று?”
‘முடி 31’ என்று தட்டிவிட்டு
என்டரின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
முடி என்றால்
இந்த நிரலுக்கு அவிழ் என்று பொருள்.
வரி பட்டியலை விட்டு இறங்கும்,
கட்டியவற்றையும் கூட்டிக்கொண்டு.

கடிதம் பெட்டியில்தான் இருக்கும், தெரியும்,
ஒன்பதாயிரம் கடிதங்களுக்கு நடுவே.
ஆனால் அங்கே போக
எனக்கென்று ஒரு வேலை இருக்காது.

வெறும் கடிதத்தைக் கட்டிவைக்கப் பார்த்தேன்.
வேலை விவரம் தேவை, என்றது திரை.
இடைவெளி ஒன்றைத் தட்டினேன். ஏமாறவில்லை.
ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது.
பட்டியலின் அடியில் அந்தப் புள்ளியைப் பார்க்க
எனக்கே வெட்கமாகிவிட்டது.

அழித்துவிட்டு எழுதினேன்:

204. வியாழன், மூன்றாவது தூண், போய்ப் பார்.

வாரந்தோறும், என்று சேர்த்தேன்.
கடிதத்தைக் கட்டினேன்.
பிடிக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.
அப்புறம்தான் முப்பத்தொன்றை முடித்தேன்.

“அது என்ன இருநூற்று நான்கு?” என்றார் பெர்க்லெய்வ்,
மஞ்சள் தாளுக்குப் பசை தேடிக்கொண்டே.

ஆய்வு, என்றேன்.